மூன்றாம் காட்சி முதல் கேள்விக்குறி

டிசம்பர் 6, சனி

இன்று முதல் போணி ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்தில் இறந்தவர் போட்டிருந்த கூலிங்கிளாஸை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்து, கண் வரைந்து கொடுத்தேன். "இது எங்க சித்தப்பாவே இல்ல" என்று மறுபடி மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். டிடிபி கடை வைத்திருப்பவளுக்குப் பொறுமைதான் முதல். என்னிடம் அது கொஞ்சம் குறைவு.

மத்தியானம் சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஆசிரியர் காலனிக்கு ஒரே நாடகாசிரியர். அவர் எழுதியதும் ஒரே நாடகம்தான், ‘காணாமல் போன கதவு’. பெண் பார்க்க வருகிற நாளில் பெண் வீட்டு வாசல் கதவு திருட்டுப் போய்விடுகிறது, அதுதான் கதை. இருபது வருஷத்துக்கு மேலாக மேடை ஏறாமல் கிடக்கிறது. பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலனி மைதானத்தில் போடப்போகிறார்கள்.

"தாள்ல எழுதினதைக் கரையான் தின்னுட்டு. கம்ப்யூட்டர்ல நானே டைப் அடிச்சு வச்சிருந்தேன். மகன் அதைப் போன்ல ஏத்தி அனுப்பியிருக்கான், திறந்தா ஒண்ணும் வெளங்கல. நீதான் எடுத்துக் குடுக்கணும் ஆவுடை" என்றார்.

திறந்தேன். தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கட்டிய கதம்பச் சோறு. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். பாமினி எழுத்துரு என்றால் தூக்கத்தில்கூடப் படித்துவிடுவேன். இது பாமினி இல்லை.

"திங்கக்கிழமை வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

டிசம்பர் 8, திங்கள்

கடையில் இருக்கிற எழுத்துரு அத்தனையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் விற்றவரே சொந்தமாக ஓர் எழுத்துரு செய்து சேர்த்துக் கொடுத்தாராம். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பரோட்டா கடை. கம்ப்யூட்டர் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

சிலிண்டர் வந்தது. மாவு ஆட்டவில்லை. இரவு உப்புமா. என் வீட்டுக்காரர் காசிராசன் டவுன் பஸ் கண்டக்டர், நாள் முழுவதும் ஊரையே அதட்டுபவர், உப்புமாவைப் பார்த்ததும் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! நாடகத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் பேசுகிறவர் பெயர் இருக்கும், பிறகு முக்காற்புள்ளி. அந்தப் பெயர்கள் என்னவென்று அண்ணாச்சியைக் கேட்டேன். அத்தை, மாப்பிள்ளை, தரகர், பெண். கோப்பில் அதிகமாக வருகிற குட்டிப் பெயர் அத்தை, நீளமானது மாப்பிள்ளை. அதிலிருந்தே பத்து எழுத்து கிடைத்துவிட்டது. மிச்சத்தைக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஊகித்து, எதற்குப் பதில் எது என்று ஓர் அட்டவணை போட்டேன்.

முதல் தடவை மாற்றியபோது கொம்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. பழைய எழுத்துருவில் கொம்பை முன்னால் தட்ட வேண்டும், இப்போது பின்னால். அதையும் சரி செய்தேன். திரையில் ‘காட்சி ஒன்று’ என்று நல்ல தமிழில் வந்து நின்றபோது கடையில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இரண்டு காட்சிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி கடையிலேயே நின்று எல்லாக் குரலிலும் படித்தார். அத்தை குரல் பிரமாதம். ஆதார் நகல் எடுக்க வந்த இரண்டு பேர் பயந்துபோய் வெளியே நின்றார்கள். படித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கடலைமிட்டாய் ஒரு பெரிய பாக்கெட் வந்தது. காலனி முழுக்க ‘ஆவுடைத்தாய் நாடகத்தை மீட்டுட்டா’ என்று சொல்லிவிட்டாராம்.

நாடகம் எப்படி என்று இங்கேயாவது உண்மையைச் சொல்ல வேண்டும். சுமார்தான். வசனத்துக்கு வசனம் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார், ஆச்சரியப்பட ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கதவு காணாமல் போகிற இடம் நல்ல இடம். அடுத்து என்ன ஆகும் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

மூன்றாம் காட்சியிலிருந்து கடைசி வரை வெறும் கேள்விக்குறி. பக்கம் பக்கமாக.

என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. பாதியில் அண்ணாச்சி வேறு எழுத்துருவுக்கு மாறியிருக்கிறார். நகலெடுத்த மென்பொருளுக்கு அந்த எழுத்துகள் பிடிபடவில்லை. தெரியாததை எல்லாம் கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது. கதம்பச் சோறாக இருந்தால் பிரித்து எடுக்கலாம், இதில் எடுக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குறிக்கும் பின்னால் எந்த எழுத்து இருந்தது என்று அந்தக் கணினிக்கே தெரியாது. காற்புள்ளியும் முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் மட்டும் அங்கங்கே பத்திரமாக நிற்கின்றன.

டிசம்பர் 15, திங்கள்

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வழியில் மரியசெல்வம் அண்ணன் தையல் கடையில் நிறுத்திக்கொண்டார். அவர்தான் மாப்பிள்ளை வேஷம்.

"சீக்கிரம் மிச்சத்தைக் குடு ஆவுடை. வசனம் ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னுருவாரு. இருபது வருசம் முன்னாடி ஏன் நின்னுச்சுன்னு தெரியும்லா? ஒத்திகையில ‘வாருங்கள்’ன்னு எழுதியிருந்ததை ஒருத்தன் ‘வாங்க’ன்னுட்டான். பேப்பரைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு மனுசன். அதோட சரி."

அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். மைதானத்துக்குச் சொல்லிவிட்டாராம், மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டாராம். அவர் மனைவி, எங்கள் மதினி, பின்னால் நின்று, "ராத்திரியெல்லாம் தூங்காம வசனம் பேசுதாவ ஆவுடை. கல்யாண மாப்பிள்ளை கெட்டாரு" என்று சிரித்தார்.

"மூணாவது காட்சியில என்ன வரும் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"அதைச் சொன்னா சுவாரசியம் போயிரும். நீயே எடுத்துப் படி."

சரி என்று திரும்பி வந்தேன். பால் பாக்கெட் வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியும் முன்பே ஸ்பீக்கர். கோலம் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால் ஆளே இல்லை. பொழுது போகாமல் மூன்றாம் காட்சியின் முதல் இரண்டு வரியை மட்டும் நிரப்பிப் பார்த்தேன். சும்மாதான். நாலு கேள்விக்குறிக்குப் பிறகு முக்காற்புள்ளி வந்தால் அத்தை, எட்டு என்றால் மாப்பிள்ளை. ஆக, யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறது. அவர் விட்ட நீளத்துக்குள், அவர் வைத்த ஆச்சரியக்குறியைத் தொடாமல் எழுதினேன்.

மாப்பிள்ளை: வீட்ல யாருங்க? கதவு திறந்தே கிடக்கே!

அத்தை: கதவே இல்ல, அது எப்படித் திறந்து கிடக்கும்?

பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதை மீட்பு வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 20, சனி

மூன்றாம் காட்சி மீட்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்கிறார்கள். கதவைத் திறந்து வாங்க என்று கூப்பிடாமல் உள்ளே போவது மரியாதை இல்லை. திறக்கவோ கதவு இல்லை. ஆகவே வெயிலில் நின்றுகொண்டே பெண் பார்க்கிறார்கள். காபி வெளியே போகிறது. பஜ்ஜி வெளியே போகிறது. இதை எழுதும்போது, அதாவது எழுத்துரு மாற்றும்போது, எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யார்கிட்ட தன்னால பேசிட்டிருக்க?" என்றார் காசிராசன்.

"எழுத்துரு சரிபாக்கேன்."

"அதுக்கு எதுக்குக் கையை ஆட்டுத?"

அண்ணாச்சி வந்து தாளை வாங்கினார். இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் வாய்க்குள்ளேயே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கேன்லா?" என்றார் என்னைப் பார்த்து.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி."

தலையை ஆட்டிவிட்டு, கேட்காமலே என் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார். தற்பெருமைக்கும் ஓர் அளவு வேண்டும்.

டிசம்பர் 23, செவ்வாய்

மறுபடி வந்தார். "ஆவுடை, அத்தைக்கு ஒரு பெரிய பேச்சு இருந்துச்சே. கதவை எடுத்தது யாருன்னு தெரியுற எடத்துல. அதை விட்டுராத, நல்லாத் தேடிப் பாரு. அவசரப்படாத."

இருபது வருஷத்துக்கு முன் எழுதியது இந்த மனிதருக்கு நினைவில் இருக்கிறதே என்று பக்கென்றது. கோப்பின் முடிவுக்குப் பக்கத்தில் அத்தைக்கு இருப்பது ஐந்தாறு கேள்விக்குறிதான். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் 26, வெள்ளி

அத்தையின் பெரிய பேச்சு கிடைத்துவிட்டது. ஒரு முழுப் பக்கம். கேள்விக்குறிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எப்படியும் அவை கெட்டுப்போனவைதானே.

அண்ணாச்சியிடம் கொடுத்தேன். படித்தார். "ஆமா, இதேதான். ஒரு எழுத்து மாறல" என்றார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். இவர் புத்தி எங்கே போனதோ, எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

டிசம்பர் 28, ஞாயிறு

மைதானத்தில் ஒத்திகை. பார்க்கப் போனேன், எழுத்துப்பிழை ஏதும் தட்டுப்பட்டால் திருத்தலாம் என்று. அத்தையாக நடிப்பது சத்துணவு அமைப்பாளர் இந்திராணி அக்கா. அவர் வாயைத் திறந்தால் முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும்.

மூன்றாம் காட்சியில் மரியசெல்வம் அண்ணன் ஒரு வார்த்தையைச் சேர்த்துப் பேசினார். அண்ணாச்சி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏய்! அதுல என்ன இருக்கோ அதைப் பேசு. எழுதுனவங்க சும்மாவா எழுதியிருக்காங்க? ஒரு கமா மாறக்கூடாது, சொல்லிட்டேன்!"

காபி வாங்கி வரச் சொன்னார்கள். நான் எல்லாருக்கும் வடையும் சேர்த்து வாங்கி வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் ஒன்று. வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே ஒட்டினேன். என் மென்பொருளுக்கு அது புரியாமல், தாய்மாமன்கள் பெயர் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக விழுந்தது. கவனிக்காமல் மாதிரிப் படத்தை அனுப்பித் தொலைத்துவிட்டேன். "அந்தக் கட்டம் போட்ட டிசைன் நல்லா இருக்கு. பெரியப்பா பேருக்கும் அதே மாதிரி போட்டுருங்க" என்று பதில் வந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு சரி செய்துதான் கொடுத்தேன்.

நான்காம் காட்சியும் ஐந்தாம் காட்சியும் மீண்டுவிட்டன.

ஜனவரி 9, வெள்ளி

நாடக நோட்டீஸ் என் கடையில்தான் அச்சு. ‘கதை, வசனம், இயக்கம்: சங்கரபாண்டியன்’ என்று தட்டினேன். அந்த ஒரு வரிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எழுத்தின் அளவை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறொன்றும் இல்லை.

அண்ணாச்சி பிழை பார்க்க வந்தார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இது இப்படியே இருக்கட்டுமா?" என்றார்.

"வேற எப்படி அண்ணாச்சி இருக்கும்?"

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

ஜனவரி 12, திங்கள்

தலையில் இடி. அண்ணாச்சியின் மகன் பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்திருக்கிறான். அலமாரியைக் குடைந்தபோது பழைய சிடி ஒன்று கிடைத்திருக்கிறதாம். மேலே அண்ணாச்சி கையெழுத்தில் ‘கதவு, முழு நாடகம்’. மரியசெல்வம் அண்ணன் சொல்லித் தெரிந்தது. "ஒத்துப் பாக்கலாம்லா, ஏதும் விட்டுப் போயிருந்தா சேத்துக்கலாம்" என்கிறார். பாவி.

எழுத்துருவும் அதிலேயே இருந்துவிட்டால், அண்ணாச்சி ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது வெளியே வந்துவிடும். தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்திராணி அக்கா அந்தப் பேச்சை மேடையில் பேசாமலே போய்விடுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை. அந்தப் பேச்சை ஊர் கேட்க வேண்டும். எழுதியது யார் என்று யாருக்கும் தெரிய வேண்டாம், கேட்டால் போதும்.

சோறு குழைந்துவிட்டது. காசிராசன் அதையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 14, புதன்

காலையில் வீட்டு நிலையில் காப்புக் கட்டிவிட்டு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தேன். மாடியில் இருந்தார். உளுந்து காயப்போட்டிருந்தார்கள். புறா இறங்காமல் இருக்கக் கொடிக்கயிற்றில் ஒரு சிடியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். பளபளவென்று சுற்றியது. மேலே அவர் கையெழுத்து, ‘கதவு, முழு நாடகம்’.

"அண்ணாச்சி, அது..."

"வெயில் பட்டு நல்லா மினுங்குது பாத்தியா? ஒரு புறா வரல" என்றார் சந்தோஷமாக.

பாவம், அண்ணாச்சிக்குக் கண்பார்வை ரொம்பக் குறைந்துவிட்டது போலிருக்கிறது. தப்பித்தேன். வரும் வழியில் கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. பானை கிழக்கே வழிந்தது. நல்லது என்றார்கள்.

ஜனவரி 17, சனி

எப்படி எழுதுவேன்!

ஆறரைக்கே மைதானம் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் வீடுகளிலிருந்து கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு காட்சிகளில் ஜனங்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள், கடலை கொறித்தார்கள். மூன்றாம் காட்சியில் "கதவே இல்ல, அது எப்படித் திறந்து கிடக்கும்?" என்றார் இந்திராணி அக்கா. சிரிப்பு ஒன்று பின்வரிசையிலிருந்து எழுந்து முன்வரிசை வரை வந்தது. பஜ்ஜித் தட்டு வெளியே போனபோது ஒரு கிழவர் நாற்காலியோடு சரிந்தார். தூக்கிவிட்டவர்களும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

என் பக்கத்தில் காசிராசன். அத்தை தரகரைத் திட்டுகிற இடத்தில் என் பக்கம் திரும்பி, "ஏய், இது நம்ம வீட்டுல கேட்ட மாதிரி இருக்கே" என்றார்.

"எல்லா வீட்டுலயும் இருக்கதுதான்" என்றேன்.

"உப்புமாவைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்கிறதுமா?"

பேசாமல் நாடகத்தைப் பாருங்கள் என்றேன்.

கடைசியில் கதவைக் கழற்றி ஒளித்து வைத்தது அத்தையேதான் என்று தெரிகிறது. ஏன் செய்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்திராணி அக்கா மேடை நடுவில் வந்து நின்றார்.

"வர்ற மாப்பிள்ளையெல்லாம் காபியைக் குடிச்சிட்டு, சொல்லி அனுப்புறோம்னு சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிருதான். அந்தச் சத்தம் எம் பிள்ளை காதுல ஒவ்வொரு தடவையும் விழுது. அதான் கழத்திட்டேன். இப்ப சாத்திட்டுப் போங்க பாப்போம்!"

சிரிப்பு இல்லை. கைதட்டல். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது, நிற்கவே இல்லை. எனக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் "நன்றி" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். ஒரு வார்த்தையோடு அவர் மைக்கை விட்டதை இந்தக் காலனி இதுவரை கண்டதில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஞாயிறு என்றாலும் கடையைத் திறந்தேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு புது பென்டிரைவ்.

"ஆவுடை, அடுத்த பொங்கலுக்கு ஒரு நாடகம் இதுல இருக்கு. நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"இன்னொண்ணு எழுதியிருக்கீங்களா? எந்த எழுத்துருல?"

"போட்டுப் பாரு, தெரியும்." படியில் இறங்கினவர் நின்றார். "என்னுதுல கதவைத் திருடுனது பால்காரன். ஏன் திருடுனான்னு எனக்கே கடைசி வரைக்கும் தெரியல. அத்தை எடுத்தாங்கிறது எனக்குத் தோணவே இல்ல தாயி."

நான் எழுந்து நிற்பதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பென்டிரைவைச் சொருகினேன். ஒரே ஒரு கோப்பு. திறந்தேன். காட்சி ஒன்று, காட்சி இரண்டு என்று ஐந்து காட்சிகள். ஐந்திலும் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. எந்த மென்பொருளும் கெடுத்ததில்லை. மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறார். நடுவில் விரல் நழுவிச் சில இடங்களில் வேறு எழுத்தும் விழுந்திருக்கிறது.

முதல் பக்கத்தின் உச்சியில் மட்டும் ஒரு வரி தமிழில் இருந்தது.

‘கதை, வசனம்: ஆவுடைத்தாய் காசிராசன்’.